கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். தொற்றா நோய்ப் பிரிவில் வருகிறவர்களுக்கு பி.பி., சுகர் பார்த்த கையோடு, 30 வயது தாண்டிய பெண்கள் எல்லோரிடமும் "கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்பது என் வேலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் டெஸ்ட் அது. பி.பி. பார்க்கச் சிரித்துக்கொண்டே கை நீட்டியவர், இதைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொள்வார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

பையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷம் மாறினாலும் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர், நல்லாத்தானே இருக்கேன். எனக்கு எதுக்கு?"

நன்றாக இருப்பவர்களுக்காகத்தான் இந்த டெஸ்டே. நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது, உறவுக்குப் பிறகு ரத்தம் வருகிறது, மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆனபின் திரும்ப ரத்தம் படுகிறது என்றால் என்னிடம் வரிசையில் நிற்க வேண்டாம், நேராக டாக்டரைப் பாருங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவு உள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு காலத்தில் வந்து, ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கும். தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல மாறி, புற்றாக ஆவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் பிடிக்கும். அத்தனை வருஷமும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. களை பறிக்கலாம், கல்யாணத்துக்குப் போகலாம். எட்டிப் பார்த்தால் மட்டும்தான் தெரியும். அப்போது பார்த்துவிட்டால் அரைமணி நேர வேலையோடு முடிந்துபோகிறது.

"கர்ப்பப்பை வாய்னா எங்க இருக்கு? வயித்துக்குள்ளயா?"

ஒரு சொம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சொம்பு கர்ப்பப்பை, கீழே பார்த்து நிற்கும் அதன் கழுத்துதான் கர்ப்பப்பை வாய். பிறப்புறுப்புப் பாதையின் கடைசியில், ஒரு விரல் நீளத் தூரத்தில் இருக்கிறது. தொட்டால் மூக்கு நுனி போல இருக்கும். வயிற்றைக் கிழிக்கவோ, ஊசி குத்தவோ, மயக்கம் கொடுக்கவோ அவசியமில்லை. ஒரு விளக்கும் கண்ணும் போதும்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. என்னதான் பண்ணுவீங்க?"

முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்வேன். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் எல்லாமே இருமடங்கு சங்கடம். புடவையை அவிழ்க்க வேண்டாம், உள்ளாடையை மட்டும் எடுத்தால் போதும். சுடிதார் என்றால் பேன்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அதனால் முடிந்தவர்கள் அன்றைக்குப் புடவையோ நைட்டியோ உடுத்தி வருவது நல்லது. பிரசவத்துக்குப் படுப்பது போலவே மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி விரிக்க வேண்டும். மேலே ஒரு போர்வை போடுவோம்.

அப்புறம் ஸ்பெகுலம். பெண்கள் எல்லோரும் பயப்படுவது இந்தக் கருவிக்குத்தான். வாத்தின் மூக்கு மாதிரி இரண்டு தகடுகள், பின்னால் ஒரு கைப்பிடி, ஒரு திருகாணி. மூடிய நிலையில் உள்ளே வைத்து, மெதுவாக விரித்து, திருகாணியை முறுக்குவோம். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் துள்ளுவார்கள். அது திருகாணி, உங்கள் எலும்பு இல்லை.

பிறகு பஞ்சில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தொட்டு கர்ப்பப்பை வாயில் வைப்பேன். அமிலம் என்றதும் பதற வேண்டாம், ஓட்டலில் சிக்கன் ஃபிரைடு ரைஸோடு ஒரு பாட்டில் வைக்கிறார்களே, அந்த வினிகரில் இருப்பதும் இதுதான். ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். இதற்கு வி.ஐ.ஏ. என்று பெயர். சில இடங்களில் இதற்குப் பிறகு அயோடினும் தடவிப் பார்ப்பார்கள். அப்போது நல்ல இடம் கரும்பழுப்பாக மாறும், சந்தேகமான இடம் மஞ்சளாகவே நிற்கும். அயோடின் வீடு போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பாவாடை கறையாகாமல் இருக்க நாப்கின் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படுத்து எழுந்திருக்க மொத்தமே ஐந்து நிமிஷம்தான்.

"வலிக்குமா?"

வலியே இல்லை என்று சொல்லி ஏமாற்றுகிறவள் நானில்லை. பெரும்பாலோருக்கு அழுத்தம் தெரியும், இழுப்பது மாதிரி இருக்கும். அசெட்டிக் அமிலம் படும்போது சில்லென்றோ லேசாக எரிந்தோ அடங்கும். சிலருக்கு, குறிப்பாகப் பயத்தில் தொடையை இறுக்குகிறவர்களுக்கு, உண்மையாகவே வலிக்கும். தசை இறுகினால் கருவி அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அனுபவத்தில் பலித்த வழிகள் சில சொல்கிறேன். கருவி உள்ளே நுழையும் நொடியில் ஒருமுறை இருமுங்கள். வாயைத் திறந்து 'ஹா' என்று மூச்சை விடுங்கள். கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இருங்கள். கால் விரலை ஆட்டிக்கொண்டு இடுப்பை இறுக்குவது கஷ்டம், முயன்று பாருங்கள். இடுப்பை மேலே தூக்காமல் படுக்கையில் நன்றாக அழுத்தி வையுங்கள். ஸ்பெகுலத்தில் சின்ன அளவும் உண்டு, கேட்கலாம். "நிறுத்துங்க" என்றும் சொல்லலாம். சொன்னால் நிறுத்தியாக வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் செய்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் படுக்கக் கூசி, என்னை யாருக்கும் தெரியாத வேறோர் ஊர் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பனிக்கட்டி மாதிரி இருந்த இரும்பை அப்படியே வைத்தார்கள். மேலே மின்விசிறியில் ஓர் இறக்கை மட்டும் ஒட்டடை இல்லாமல் சுத்தமாக இருந்தது, அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் நினைவிருப்பது வலியில்லை, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல் கிடந்ததுதான். இப்போது ஸ்பெகுலத்தை வெந்நீரில் காட்டி எடுத்து, முதலில் தொடையில் தொட்டு, "சூடு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

"கூச்சமா இருக்கு சிஸ்டர். ஆம்பளை டாக்டர் வந்துட்டா?"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் பெண் செவிலியர்தான் செய்கிறார். ஆண் டாக்டர் பார்க்க வேண்டிய நிலை வந்தாலும் பெண் செவிலியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பெண் டாக்டர் இருக்கும் நாளில் வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கதவு சாத்தியிருக்கிறதா, திரை இழுத்திருக்கிறதா என்று படுக்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்.

கூச்சம் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பேரைப் பார்க்கிற எனக்கு, முகம் நினைவில் நிற்கிற அளவுக்கு மற்றது நிற்பதில்லை. சந்தையில் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

"முடியெல்லாம் எடுத்துட்டு, குளிச்சுட்டு வரணுமா?"

முடி எடுக்க வேண்டியதே இல்லை. அவசரமாக பிளேடு போட்டு வெட்டுப்பட்டு வருகிறவர்கள்தான் அதிகம் எரிகிறது என்கிறார்கள். வழக்கம்போலக் குளித்தால் போதும். உள்ளே சோப்பு, டெட்டால், எலுமிச்சைச் சாறு என்று எதையும் விட்டுக் கழுவ வேண்டாம். இந்த டெஸ்டுக்கு மட்டுமில்லை, எப்போதுமே வேண்டாம்.

"எந்தெந்த நாள்ல வரக்கூடாது?"

மாதவிலக்கு நாட்களில் வேண்டாம், ரத்தம் மறைத்துவிடும். நின்று சில நாள் கழித்து வாருங்கள். முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவும், உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பும் தவிர்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் பிரசவம் ஆகி மூன்று மாதம் போனபின் வரலாம். சாப்பிட்டுவிட்டே வாருங்கள். வெறும் வயிறு சுகர் டெஸ்டுக்குத்தான். இரண்டும் ஒரே நாளில் என்றால் முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு என்னிடம் வரலாம்.

"காப்பர்-டி போட்டிருக்கேன். அக்கா குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டாங்க. நாங்க எடுக்கலாமா?"

இருவரும் எடுக்கலாம். காப்பர்-டியின் நூல் கர்ப்பப்பை வாயில் தெரியும், அதை இழுக்க மாட்டோம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கருக்குழாயில் செய்வது, கர்ப்பப்பை வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கர்ப்பப்பையையே எடுத்தாச்சே. அப்புறம் என்ன டெஸ்ட்?"

இது கொஞ்சம் விசாரிக்க வேண்டிய விஷயம். கட்டி, அதிக ரத்தப்போக்கு போன்ற காரணத்துக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து முழுசாக எடுத்திருந்தால் டெஸ்ட் வேண்டாம். ஆனால் சில ஆபரேஷனில் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வாயை விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு டெஸ்ட் வேண்டும். புற்றுநோய்க்காகவோ அதற்கு முந்தைய மாற்றத்துக்காகவோ எடுத்திருந்தால் டாக்டர் சொல்கிறபடி தொடர்ந்து பார்க்க வேண்டும்.

"எதை எடுத்தாங்க?" என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் "எடுத்துட்டாங்க, அவ்வளவுதான் தெரியும்" என்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வாருங்கள். பீரோவில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

"எனக்கு 58 வயசு. வீட்டுக்காரர் போயி பன்னண்டு வருஷம் ஆச்சு. எனக்குமா?"

உங்களுக்கும்தான். முதல் கேள்வியில் சொன்ன 15, 20 வருஷக் கணக்கை நினைத்துப் பாருங்கள். வைரஸ் எப்போதோ வந்தது, தங்கியது. வீட்டுக்காரர் இல்லை என்பதால் அதுவும் கிளம்பிப் போயிருக்க வேண்டும் என்று இல்லை. 

ஒரு விஷயம் மட்டும் வேறு. மாதவிலக்கு நின்றபின், செல்கள் மாற ஆரம்பிக்கும் எல்லைக்கோடு கர்ப்பப்பை வாயின் உள்பக்கம் ஏறிக்கொள்கிறது. வினிகர் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குச் சரியாக எட்டாது. அப்படியானால் பாப் ஸ்மியர் அல்லது ஹெச்.பி.வி. டெஸ்டுக்கு அனுப்புவோம். இந்த வயதில் உள்ளே வறட்சி இருக்கும், அதனால் கருவி கொஞ்சம் அதிகம் உறுத்தும். முதலிலேயே சொல்லிவிட்டால் சின்ன அளவை எடுத்து நிதானமாகச் செய்வேன்.

"கல்யாணமாகாத என் பொண்ணுக்கும் பார்த்துடலாமா? இருபத்தஞ்சு ஆகுது."

வேண்டாம். 30 வயதிலிருந்துதான் இந்த டெஸ்ட். தாம்பத்திய உறவே இல்லாதவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு மட்டும் நோய் வேகமாக முற்றும் என்பதால் 25 வயதிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

"பாப் ஸ்மியர்ங்கிறாங்க, ஹெச்.பி.வி. டெஸ்ட்ங்கிறாங்க. நீங்க வினிகர் வைக்கிறீங்க. எதுதான் நல்லது?"

பாப் ஸ்மியரில் செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கண்டுபிடித்தவர் ஜார்ஜ் பாப்பனிக்கோலௌ, அவர் குடும்பப் பெயரின் தொடக்கம்தான் 'பாப்'. ஹெச்.பி.வி. டெஸ்ட் வைரஸ் இருக்கிறதா என்றே பார்க்கும். மூன்றில் துல்லியமானது அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் அதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறது. அதற்கான மாதிரியைச் சில இடங்களில் பெண்களே குச்சிப்பஞ்சால் எடுத்துக் கொடுக்கலாம், ஸ்பெகுலமே கிடையாது. அது எல்லா ஊருக்கும் வந்துவிட்டால் என் வேலையில் பாதி குறையும், சந்தோஷம்தான்.

அதுவரை வினிகரை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். அதன் பலம், பதில் அங்கேயே, அப்போதே தெரிவது. லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வந்து, போன் செய்தால் எடுக்காமல், ஆள் தேடிப் போவதற்குள் பாதிப் பேரை இழந்துவிடுவோம். இந்த முறையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதும் நம் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 கிராமத்துப் பெண்களை ஒரே ஒரு முறை பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. டெஸ்ட் இல்லாத பஞ்சாயத்துகளோடு ஒப்பிட்டால் புதிதாகப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதில் சாவது 35 சதவீதமும் குறைந்தன. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் பார்த்து, தமிழக அரசு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்ததும் இதைத்தான்.

"பாசிட்டிவ்னு எழுதிட்டாங்க. கேன்சரா சிஸ்டர்?"

இல்லை. வெள்ளைத் திட்டு தெரிந்தது, இன்னொரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த வார்த்தை. மேலே சொன்ன திண்டுக்கல் ஆய்வில் 3,088 பேருக்கு, அதாவது கிட்டத்தட்டப் பத்தில் ஒருவருக்கு, பாசிட்டிவ் வந்தது. அத்தனை பேருக்கும் புற்றுநோய் இருந்திருந்தால் ஊரே காலியாகியிருக்கும். சாதாரணக் கிருமித்தொற்று, புண் ஆறும்போது வரும் மாற்றம் இவையும் வெள்ளையாகக் காட்டும்.

அடுத்து கால்போஸ்கோப்பி. உள்ளே அதே ஸ்பெகுலம்தான், வெளியே ஒரு பெரிய லென்ஸ். அது உடம்புக்குள் போகாது. சந்தேகமான இடத்தில் மிளகு அளவு சதை கிள்ளி பயாப்ஸிக்கு, அதாவது சதைப் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். கிள்ளும்போது சுருக்கென்று இருக்கும், ஓரிரு நாள் கறை படும். அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் பணம் கிடையாது.

எனக்கு ஒரே ஓர் ஆத்திரம் உண்டு. பாசிட்டிவ் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, பயத்தில் அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வராமலே இருந்துவிடுகிறவர்கள். டெஸ்ட் எடுக்காதவர்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை.

"ஐஸ் வச்சு கரிச்சிடுவாங்களாமே? பக்கத்து வீட்டுக்காரி சொன்னா."

பக்கத்து வீட்டம்மா சொன்னது கிரையோதெரபி. மாறிய இடத்தை வாயுவால் மூன்று நிமிஷம் உறைய வைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடி மூன்று நிமிஷம் உறைய வைப்பார்கள். மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிறு இழுக்கும். சூட்டால் செய்யும் முறையும் உண்டு, அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மயக்கமருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

பிறகு நாலைந்து வாரம் பிறப்புறுப்பில் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோய் ஓடிவந்தவர்கள் உண்டு. நான்கு வாரம் உறவு கூடாது. காய்ச்சல், நாற்றம், கட்டி கட்டியாக ரத்தம் என்றால் மட்டும் உடனே வாருங்கள். குழந்தை பெறுவதற்கு இதனால் தடையில்லை.

"உறவாலதான் வருதுன்னா, எனக்கு எப்படி வந்துச்சு? அவரு எங்கயோ போயிட்டு வந்தாரா?"

இந்தக் கேள்வியைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். பதில்: அதை இந்த டெஸ்டால் சொல்ல முடியாது, எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. வினிகர் டெஸ்ட் வைரஸைத் தேடுவதே இல்லை, செல் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. ஹெச்.பி.வி. டெஸ்டில் வைரஸ் தெரிந்தாலும், அது போன மாதம் வந்ததா, கல்யாணமான புதிதில் வந்ததா, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும் வைரஸ் அது. இந்தச் சீட்டைக் காட்டி அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, உங்களை அவர் குற்றம் சொல்லவும் முடியாது. மாமியார் கேட்டால் "சதை வளருதான்னு பார்த்தாங்க" என்று சொன்னால் போதும், பொய்யுமில்லை.

"அவரைக் கேட்காம எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கலாம். கையெழுத்து உங்களுடையது, வேறு யாருடையதும் தேவையில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சிகிச்சை என்று வந்தால் நான்கு வாரம் விலகி இருக்க வேண்டுமே, அப்போது சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். நீங்களாகச் சொல்ல முடியாது என்றால் அவரைக் கூட்டி வாருங்கள், நான் சொல்கிறேன். ஆண்கள் நர்ஸ் சொன்னால் வாயைத் திறப்பதில்லை.

"பொண்ணுக்கு ஊசி போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லைதானே?"

ஹெச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள், உறவு ஆரம்பிக்கும் காலத்துக்கு வெகு முன்பே போடுவது சிறந்தது. நம் நாட்டிலேயே தயாரான செர்வாவாக் உட்பட எல்லாத் தடுப்பூசிகளும் 16, 18 என்ற இரண்டு வகை வைரஸைத் தடுக்கும். சுமார் 70 சதவீதக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இவ்விரண்டுதான் காரணம். மீதி இருக்கிறதே, அதனால் ஊசி போட்ட பெண்ணும் 30 வயதானபின் டெஸ்டுக்கு வர வேண்டும். தடுப்பூசி ஏற்கெனவே வந்த மாற்றத்தைக் குணமாக்காது. ஆகவே பெண்ணுக்கு ஊசி போட்டுவிட்டேன் என்று அம்மா தப்பிக்க முடியாது.

"போன தடவை நார்மல்னு சொன்னீங்க. இனிமே வர வேண்டாம்ல?"

நார்மல் என்றால் நம் நாட்டு வழிகாட்டுதல்படி 5 வருஷம் கழித்து மறுபடி. இடையில் முதல் பதிலில் சொன்ன அறிகுறிகள் வந்தால், போன முறை நார்மல் என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

ஐந்து வருஷம் கழித்து வரும் தேதியைச் சீட்டில் எழுதினால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் கேட்டு எழுதுகிறேன். போன வாரம் ஒரு அம்மாவுக்கு எழுதியது: "சின்னவன் பிளஸ் டூ முடிக்கிற வருஷம், தை மாசம்." வாங்கிப் படித்துவிட்டு, "பரீட்சைக்கு முன்னாடியே வந்துடறேன் சிஸ்டர், அப்புறம் காலேஜ் சீட்டுக்கு அலையணும்" என்றார்.